குளமா, குழியா

நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவன். ஆனால் ஒரு நாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. என் நைனா தறியை விட்டுவிட்டுச் சித்தூரில் பள்ளிக்கூட எழுத்தர் வேலைக்குப் போனவர். நான் பார்த்த தறியெல்லாம் கண்காட்சியில் வைத்திருந்த மரச்சட்டத் தறிதான். அதில் நெய்கிறவர் பலகைமேல் உட்காருவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. புத்தூர் ஆபீசில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், மலையடியில் இருந்த ஒரு சின்ன ஊரின் நெசவாளர்கள், எல்லாரும் சேர்ந்து நெய்ய ஒரு கூடம் வேண்டும் என்று தெலுங்கில் மனு கொடுத்திருந்தார்கள். அவர்கள் குடிசைகள் ஏரிக்குக் கீழே தாழ்வான இடத்தில் இருந்தன. ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் ஊறும், வேலை நின்றுபோகும் என்று எழுதியிருந்தார்கள். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

என் மனைவியின் அக்கா அந்த ஊரில்தான் ஒரு நெசவாளர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அக்காவுக்குக் காலில் சேற்றுப்புண். விரலிடுக்கெல்லாம் வெந்து, நடக்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நடப்பாள். தெருச் சேற்றில் நடந்து வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். மனைவி தினமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"ஐப்பசிக்குள்ள கட்டிடுவீங்களா?"

"கட்டிடலாம், கட்டிடலாம்" என்பேன். வரைபடத்தை அவளிடம் காட்டவில்லை. கட்டி முடித்துக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டவேண்டும் என்று ஆசை. புது மாப்பிள்ளை அல்லவா, அந்தப் பவிசு இருந்தது.

எனக்குத் தெலுங்கு பேச வரும், வாசிக்கவும் எழுத்துக்கூட்டி வரும். மனுவில் இருந்த தேவைகளை என் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அதில் ஒன்று, 'மக்காலகு குண்ட காவாலி'. தறிகளுக்குக் குண்ட வேண்டும். குண்ட என்றால் தெலுங்கில் சிறு குளம். நூல் நனைக்க, சாயம் அலசத் தண்ணீர் வேண்டும்தானே?

அந்தக் குளத்தை வைத்துத்தான் முழுப் படத்தையும் போட்டேன். சிமெண்டு கிடைக்காத காலம், மண்சுவர்தான். சுவருக்கு மண் வெட்டுகிற பள்ளமே குளமாகிவிடும். செம்மண் அந்த மலையின் நிறம், ஆகவே சுவரும் மலையின் நிறமாகவே இருக்கும். சரிவை வெட்டாமல் அது போகிற போக்கிலேயே கூடத்தை வளைத்தேன். நடுவே ஒரு புங்க மரம் நின்றது. அதை வெட்டச் சொன்னார்கள், மாட்டேன் என்று சுவரை ஒதுக்கி வளைத்தேன். மேலதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏமய்யா, உன் வீட்ல ரூல்தடி இல்லையா?" என்று கேட்டார்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

வேலை தொடங்கியது. மண்சுவர் வைப்பதில் தேர்ந்த ஒரு மேஸ்திரி கிடைத்தார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர். அடியில் இரண்டடிக்குக் கல், அதற்குமேல் மண். மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, மிதித்து, புளிக்க விட்டு, ஒரு முழ உயரம் வைப்பார். அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். மூலைகளைக் கையாலேயே தடவித் தடவி உருட்டுவார். அவசரப்படுத்தினால், "மண்ணுக்கு ஆபீஸ் டைம் தெலியது சார்" என்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

இதற்கு நடுவே எல்லைப் பேச்சு. எந்த ஊர் ஆந்திரா, எந்த ஊர் மெட்ராஸ் என்று அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. "ரேப்பு ஈ ஊரு எவரிதோ, எதுக்கய்யா இவ்ளோ மெனக்கெடறே?" என்று மேலதிகாரி ஒருநாள் சலித்துக்கொண்டார். நாளைக்கு இந்த ஊர் யாருக்குப் போகுமோ என்பது அவர் பேச்சு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருடைய ஊரானால் என்ன, மழை அங்கேதானே பெய்யப்போகிறது?

புரட்டாசிக் கடைசியில் கூரை வேய்ந்தாயிற்று. குளத்திலும் முதல் மழைத் தண்ணீர் கொஞ்சம் நின்றது. கிழக்கே இருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. மலையின் கீழ் மடிப்பில் ஒன்று என்றே தோன்றும். தரையைக் கெட்டித்து மெழுகுவது மட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை பஸ்ஸில் அழைத்துப்போனேன். அக்காவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

மனைவி குளத்தைப் பார்த்தாள், புங்க மரத்தைப் பார்த்தாள், சுவரைக் கையால் தடவினாள். கூடத்துக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அவள் வாயால் ஒரு சொல் கேட்க நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"காலு எங்க வைக்கிறது?" என்றாள்.

"இன்னா காலு?"

"நெய்யறவங்க காலு. குழி எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து காட்டினாள். எங்கள் பக்கத்துத் தறி தரையோடு இருக்கும். தறிக்குக் கீழே ஒரு குழி. அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கவேண்டும். அந்தக் குழியில்தான் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும். வேலை நிற்கிறவரை அந்தத் தண்ணீரில் நாள் முழுக்கக் காலை வைத்து மிதித்ததுதான் அக்காவின் சேற்றுப்புண்.

"மனுல குண்டதானே கேட்டீங்க?" என்றேன்.

"ஆமா, குண்ட. குழி" என்றாள் அக்கா. அவள் சொன்னபோதுதான் காதில் விழுந்தது. குண்டவின் முதல் எழுத்தைக் காக்கையின் முதல் எழுத்தைப்போல் சொன்னால் குளம். கங்கையின் கடைசி எழுத்தைப்போல் சொன்னால் குழி. தெலுங்கில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. என் நோட்டில் குழி குளமாகிவிட்டது. காய்ந்த குழி கேட்டவர்களுக்கு நான் தண்ணீர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மனைவி சிரித்துவிட்டாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கத்தினேன். படத்தை அவளிடம் காட்டாதவனே நான்தான். அவள் முகம் சுருங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"பரவால்ல தம்பி, அவங்கவங்க தோண்டிக்குவாங்க" என்றாள் அக்கா. "குளம் அழகாத்தான் கீது."

அங்கே இருந்த மேஸ்திரி முடியாது என்று தலையாட்டினார். வெளிச்சத்துக்காகத் தறிகள் ஜன்னலோரம் இருக்கவேண்டும். சுவருக்கு அத்தனை பக்கத்தில் குழி தோண்டினால் அடிக்கல் சரியும். "கோட கூலிபோத்துந்தி சார்" என்றார். அதாவது சுவர் விழுந்துவிடும். ஐப்பசிக்கு இருந்தது சில நாட்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்தோம். குளம் வெட்டியதில் மிஞ்சிய மண் கரையில் குவிந்து கிடந்தது. கால் வலியால் அக்கா அந்தக் குவியலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கால்கள் கீழே தொங்கின, தரையைத் தொட்டும் தொடாமலும். நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழி வேண்டுமென்றால் தோண்டத்தான் வேண்டுமா? சுற்றிலும் உயர்த்தினால் போதாதா?

மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் குனிந்து அடிக்கல்லைத் தட்டிப் பார்த்தார். "அடில கல்லு உந்தி கதா, இருக்கில்ல, தாங்கும்" என்றார். மறுநாளே தொடங்கிவிட்டோம். நடுவில் நடக்க வழி விட்டு, இருபுறமும் இரண்டடி உயரத்துக்கு மண் நிரப்பி இடித்தோம். தறி வருகிற இடங்களில் மட்டும் நிரப்பாமல் விட்டோம். விட்ட இடமே குழி. மண் போதாமல் குளத்தை இன்னும் ஆழமாக்கினோம். ஊரே கூடை தூக்கியது, என் மனைவியும் தூக்கினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கேட்டதும், "கூடைய எடுங்க" என்றாள்.

தரை உயர்ந்ததில் ஜன்னல்கள் தாழ்ந்து, உட்கார்ந்து நெய்கிறவர்களின் மடிக்கு நேராக வந்துவிட்டன. அப்புறம் வந்து பார்த்த மேலதிகாரி, வெளிச்சத்தை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாய் என்று பாராட்டினார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை அடித்தது. ஏரிக்குக் கீழே குடிசைகளில் தண்ணீர் ஏறியது. நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் தறிகள் ஓடும் சத்தம் வெளியிலேயே கேட்டது. ஒவ்வொரு குழியாகக் கைவிட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. அந்த மழைக்காலத்தில் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. பின்னால் எல்லை ஒருவழியாக முடிவானபோது ஊர் ஆந்திராவிலேயே இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த வருஷத் தைப் பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படிக் கல்லில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்து அக்காவின் காலைப் பார்த்தாள். புண் ஆறிய விரல்களில் புது வெள்ளி மெட்டி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அந்த விரல்களில் மெட்டி நான் பார்த்ததே இல்லை, இல்லை என்பதும் என் கண்ணில் பட்டதில்லை.

மனைவி தரையில் உட்கார்ந்து, அக்காவின் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் கீது தம்பி" என்றாள். "ஆனா கழட்ட மாட்டேன்."