எலி கடித்த ஒயர்

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இன்று, வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நட்புகளுக்கும் இந்த நினைவு மலரில் மகள் எழுதுவது. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் போனில், "நல்லபடியா எழுது. யாரையும் குத்திக் காட்டிராத" என்றான். நல்லபடியாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் ஒரு விஷயத்தை இன்னும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். சாகக் கிடந்த தாயிடம் வேலை வாங்கியவள் என்று நம் சொந்தத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பொய் இல்லை. வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா பிறந்தது கீழப்பாவூரில், நரசிம்மர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, மலைப் பாதையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டுமே! பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு அறை பெருக்கும் வேலைக்குப் போனார்.

சீசன் நேரத்தில் அங்கே துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, மோட்டார் எல்லாம் சாரலின் ஈரத்தைக் குடித்து நின்றுவிடும். அப்படி நின்றுபோன டேபிள் ஃபேன் ஒன்றை மூலையில் போட்டிருந்தார்கள். அம்மா மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்களிடம் ஸ்குரூ டிரைவர் ஏது? காய் நறுக்கும் கத்தி முனையால் திருகித் திறந்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தார். உள்ளே கிரீஸ் பழைய புளி போல இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, தாம்பாளத்தின் கடைசியிலிருந்து திரும்பவும் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

சுற்றியது. அப்பா போனபோது எங்கள் முன்னால் கண்ணீர் விடாத அம்மா, அந்தக் காற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

"ஒலகத்துல ஒண்ணும் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதுட்டி. இது கேக்குது பாரு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பொருள் எதுவும் கடை வாசலை மிதித்ததில்லை. அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கிரைண்டர், மாமா கொடுத்த பழைய ஃபிரிட்ஜ், எல்லாமே அம்மாவின் தாம்பாளத்துக்குத்தான் வரும். "பிளக்கப் புடுங்கினியா?" என்று கேட்காமல் எதையும் தொட மாட்டார். மூடும்போது சாரலில் துரு ஏறாமலிருக்க ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். முடிந்ததும் அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. மிக்ஸி என்றால் அதில் முதலில் அரைப்பது பொட்டுக்கடலையும் சர்க்கரையும்தான். வீட்டிலிருக்கும் எல்லாரும் உள்ளங்கையை நீட்ட வேண்டும். "ஓடிட்டு! ஓடிட்டு!" என்று சொல்லிக்கொண்டே எங்கள் கையில் கொட்டுவார். வாயெல்லாம் பல்லாக இருக்கும். அண்ணன் முதல் சம்பளத்தில் புது மிக்ஸி எடுத்துத் தருகிறேன் என்றபோது, "எதுக்குலே? இது என்ன செத்தா போச்சு?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

வயிற்றில் அந்தப் பாழாய்ப்போன வியாதி வந்திருப்பது தெரிந்தபோதே முற்றியிருந்தது. திருநெல்வேலி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்கம்மா" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நான் வாழ்க்கைப்பட்ட இலத்தூரில் பிள்ளைகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அம்மாவோடு வந்து தங்கினேன்.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், தண்ணீர்கூட ஸ்பூனில்தான். ஆறு நாள். கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். சுவர்கூடப் பதில் சொல்லியிருக்கும். ஏழாம் நாள் காலை கஞ்சியை மைய அரைக்கலாம் என்று மிக்ஸியைப் போட்டால், கருகிய வாடையோடு நின்றுவிட்டது. என் தலையெழுத்தை நொந்துகொண்டு அதைக் கூடையில் தூக்கி வைத்தேன்.

"எங்கட்டி போற?" என்று சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"கடைக்கும்மா. மிக்ஸி ஓடல."

"கடைக்கா? என் மிக்ஸியவா? இங்கன கொண்டா."

எழுந்து உட்கார்ந்தார். ஆறு நாள் கழித்து! மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. தன் டப்பாவிலிருந்து வேறு எடுத்துப் போட்டார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பொட்டு வைத்தார், பொட்டுக்கடலை அரைத்தார், என் கையில் கொட்டினார். பிறகு ஒரு தம்ளர் கஞ்சி முழுவதையும் குடித்தார்.

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏதாவது உடைந்தால் அம்மா சாப்பிடுவார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனவே உடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் அயர்ன் பாக்ஸ் ஒயரை பிளேடால் வெட்டிவிட்டு, "எலி கடிச்சிட்டும்மா" என்றேன். அடுத்து கிரைண்டர் பெல்ட். பிறகு பெட் லைட், காலிங் பெல், சுவர்க்கடிகாரம். உடைக்கப் பொருள் தேடி ராட்சசி மாதிரி வீட்டைச் சுற்றினேன். பஜாரில் எலெக்ட்ரிகல் கடை அண்ணாச்சியிடம் போய், மோட்டார் ஓடாமல் நிற்க மாட்டிவைக்கலாம் என்று வீணாய்ப்போன கெப்பாசிட்டர் ஒன்று கேட்டேன். "நல்லது கேட்டு வருவாவ. கெட்டது கேட்டு வந்தது நீதாம்மா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பை நிறைய அள்ளித் தந்தார். ஒன்றை அம்மா சரிசெய்யும் அன்று கஞ்சி இறங்கும். செய்யாத அன்று இறங்காது. என் கணக்கு அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் செங்கோட்டை அத்தை, அப்பாவின் அக்கா, பார்க்க வந்தார். அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து, மடியில் கிரைண்டர் மோட்டாரோடு இருந்தார். அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, நீ பெத்த தாய்க்குப் பொறந்தவதானா? சாவக் கெடக்கவ மடியில கிரைண்டரத் தூக்கி வச்சிருக்கியே! வேலக்காரியக்கூட இப்படிப் பிழிய மாட்டாவ."

அம்மா நிமிர்ந்தே பார்க்காமல், "மைனி, அந்த ஸ்குரூ உங்க காலுகிட்ட கெடக்கு, எடுங்க" என்றார். அத்தை எடுத்துக் கொடுத்தார். ஆனால் வெளியே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அம்மா காதுக்குப் போய், எலியின் கதை தெரிந்துவிடும். தெரிந்தால் கஞ்சி நின்றுவிடும்.

கடைசி வாரம் அம்மாவால் ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடியவில்லை. கஞ்சியும் நின்றது. எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல இருந்தது. வீட்டில் நான் கை வைக்காதது அந்த லாட்ஜ் ஃபேன் ஒன்றுதான். அதையும் விடவில்லை. ஒயரை வெட்டிக் கட்டில் மேல் கொண்டுவந்து வைத்து, "எம்மா, ஃபேன் நின்னுட்டு. எலி கடிச்சிருக்கு. பாரும்மா, எந்திரிம்மா" என்றேன்.

அம்மா ஒயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும்ட்டி. நம்ம வீட்டு எலி பிளேடு வச்சில்லா வெட்டுது."

எனக்கு உயிரே போய்விட்டது. "எப்பத் தெரியும்?"

"அயர்ன் பாக்ஸுலயே."

"பெறவு ஏம்மா செஞ்ச?"

"உடைச்சுக் கொண்டாந்து வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்ப. நான் கஞ்சி குடிச்சாத்தான் நீ சோறு திங்க. சுவரப் பாத்துட்டுக் கெடந்தா, ஆறு நாளா நீயும் ஒண்ணும் திங்கலன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" மூச்சு வாங்கியது. "இத நீயே சேரு. நான் பாக்கேன்."

பிளக் போடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. "இன்னும் இறுக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். காற்று அம்மா முகத்தில் பட்டது. "ஓடிட்டு" என்று உதடு மட்டும் அசைந்தது. நான் பொட்டுக்கடலை அரைத்து வந்து அவர் நாக்கில் ஒரு துளி வைத்தேன். மூன்றாம் நாள் காலை, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அம்மா நின்றுபோனார். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை.

உடம்பை அலட்டாமல் விட்டிருந்தால் இன்னும் பத்து நாள் இருந்திருப்பாரோ? எனக்குத் தெரியாது. ஓராண்டாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது மிக்ஸி தானாகவே நின்றது, சத்தியமாக நான் தொடவில்லை. திறந்தேன். அம்மா எண்ணெய் விட்டிருந்ததால் ஸ்குரூக்கள் இளகி வந்தன. சரிசெய்து, ஓடவிட்டு, "எம்மா, ஓடிட்டு!" என்று வாய் நிறையச் சொல்லிக் கட்டில் பக்கம் திரும்பினேன்.

நன்றி சொல்ல வேண்டும். நாலு மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு. அம்மா சரிசெய்ததையெல்லாம் வீடியோ காலில் பார்த்து, "கெட்டிக்காரிம்மா நீ" என்று சலிக்காமல் சொன்ன அண்ணனுக்கு. கெட்டதை மட்டும் அள்ளிக் கொடுத்த கடை அண்ணாச்சிக்கு. தூக்கவும் குளிப்பாட்டவும் கை கொடுத்த தெருக்காரர்களுக்கு.

இந்த மலரோடு உங்கள் கையில் வந்திருக்கும் சிறு பொட்டலம் அந்த மிக்ஸியில் அரைத்த பொட்டுக்கடலை. கீழே வைத்துவிடாமல் உள்ளங்கையில் கொட்டி ஒரு வாய் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் என்னைத் திட்டியது அம்மா மேல் இருந்த பாசத்தில்தான், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு கிரைண்டர் ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நாளைக்குக் காலையில் தாம்பாளத்தோடு வருகிறேன். என் வீட்டில் உடைந்தது எதுவும் மிச்சமில்லை, அத்தை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.