மூன்று எண்பத்தைந்து

சியா போ கிம்முக்கு மலேசியாவின் கிள்ளானில் லாரி டயர் கடை. தொழில் அவளுடையது, கட்டடம் வேறொருவருடையது. நாற்பத்தாறு வயது. கட்டிய புருஷன் ஜொகூர் பக்கம் இன்னொருத்தியோடு போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது, இவள் தேடவில்லை. தம்பி போ செங்கும் அவளுமாகத்தான் கடையை நடத்தினார்கள். கட்டடக்காரர் வங்கித் தவணையைக் கட்டாமல் விட்டதில் கட்டடம் ஏலத்துக்கு வந்தது.

முதல் ஏலத்தில் அடிவிலை நான்கு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி. போ கிம் போகவில்லை.

"ஏன்க்கா, போய்க் கையைத் தூக்கிட்டு வந்துடலாம்ல?" என்றான் செங்.

"யாரும் கேக்கலன்னா அடுத்த தடவை பத்துல ஒரு பங்கு குறையும். அதுக்கடுத்த தடவை இன்னும் குறையும். மூணாவதுல எடுக்கணும். அதையும் தாண்டினா ஊரே வந்து நிக்கும்."

இதே கணக்கை இன்னொருவனும் போட்டு வைத்திருந்தான். மொட்டை ஹெங் என்றால் அந்த வட்டாரத்து ஏலக்காரர்களுக்குத் தெரியும். ஏலம் கேட்க வருபவர்களின் கையில் அவனுடைய ஆட்கள் பணம் வைத்த ஓர் உறையைத் திணித்துத் திருப்பி அனுப்புவார்கள். வாங்க மறுத்தால் அடி. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அவன் அடிவிலைக்கே எடுத்து, இரண்டு மாதத்தில் விற்றுவிடுவான்.

இரண்டாம் ஏலத்திலும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் ஏலத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஹெங் கடைக்கு வந்து, அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்தான்.

"டயர்க்காரம்மா, எதுவரைக்கும் போறதா உத்தேசம்?"

"மூணு லட்சத்து அறுபது. அதுக்கு மேல எங்கிட்ட ஒரு வெள்ளி கிடையாது."

வாய் தவறி உளறியவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹெங் சிரித்தான்.

"வெகுளியா இருக்கியே. ரெண்டாயிரம் தரேன், அன்னிக்கு வீட்டுல படுத்துத் தூங்கு."

"நான் வருவேன்."

"அப்ப நடந்து வர்றியா, தூக்கிட்டு வரணுமான்னு பாப்போம்."

மறுநாள் உச்சிவெயிலில் மூன்று பேர் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். லாரிக்கு அடியில் படுத்திருந்த செங்கைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதல் இரும்புக் குழாய் அவன் காதோரம் விழுந்தது. இரண்டாவது தோளில். போ கிம் வீல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதலில் கண்ணில் பட்ட முழங்காலில் ஓங்கிப் போட்டாள். எலும்பு உடைகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாமவனுக்குத் தாடையில் விழுந்தது. மூன்றாமவனின் குழாய் அவளுடைய இடது மணிக்கட்டை நொறுக்கிய பிறகும் ஸ்பேனரை வலது கையால் சுழற்றிக்கொண்டே இருந்தாள். லாரிக்காரன் எப்போதோ ஓடிப்போயிருந்தான். வந்தவர்கள் முழங்கால் போனவனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். தரையில் எது கிரீஸ், எது ரத்தம் என்று தெரியவில்லை.

செங்குக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது.

"விட்டுடலாம்க்கா," என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி.

"விட்டா அடுத்த மாசம் அவன்தான் நமக்குக் கட்டடக்காரன். உன் காதை உடைச்சவன் கையில வாடகையைக் கொடுப்பியா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அவனுடைய நல்ல காதருகே குனிந்து சொன்னாள். "எழுபதுக்கு மேல எடுத்தா வித்தாலும் அவனுக்கு மிஞ்சாது. நான் அறுபதோட நின்னுடுவேன்னு நம்பிட்டு இருக்கான். ரெண்டு ரெண்டாயிரமா ஏத்தினா யோசிக்க நேரம் கிடைக்கும், அவனுக்குப் பணம் போடுற முதலாளிக்குப் போன் போடுவான். அந்த நேரத்தைக் கொடுக்கக் கூடாது."

ஏலம் ஒரு ஹோட்டலின் மாடியில், காலை பத்து மணிக்கு. படிக்கட்டில் ஹெங்கின் ஆள் ஒருவன் வழிவிடுவதுபோல் ஒதுங்கி, அவளுடைய மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ஊறிய ரத்தத்தை அவன் சட்டையிலேயே துப்பிவிட்டு மேலே ஏறினாள். எதிரே, ஏலம் கேட்க வந்த இருவர் உறையைப் பைக்குள் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஏலம் விடும் ரஷ்டான் மாடி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு குனிந்து காகிதத்தைப் பார்த்தார்.

மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்தது. அவள் கேட்டாள், ஹெங் கேட்டான். இரண்டு இரண்டாயிரமாக ஏறி, ஹெங்கின் வாயில் மூன்று ஐம்பது வந்தது. அவன் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"மூணு எண்பத்தஞ்சு," என்றாள் போ கிம்.

ஹெங் திரும்பி அவளைப் பார்த்தான். போனை எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. ரஷ்டான் இந்த முறை தலையைத் தூக்கினார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று வழக்கத்தைவிட வேகமாகச் சொல்லிச் சுத்தியலைத் தட்டினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள். ஹெங் தனியாக நின்றிருந்தான். அவள் வயிற்றில் ஒரு குத்து விட்டான். குனிந்தவளின் முடியைப் பிடித்து வண்டிக் கதவில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவள் மாவுக்கட்டுக் கையை முழு பலத்தோடு அவன் மூக்கில் இறக்கினாள். மூக்கும் உடைந்தது, கட்டும் உடைந்தது. அவன் விழுந்தான். பிடரி பம்பரில் பட்டது. அத்தோடு அவள் போயிருக்கலாம். போகவில்லை. அவனுடைய வலது கையைப் பூட்ஸ் காலால் மிதித்தாள். விரல்கள் நெரிந்தன. மறுபடி மிதித்தாள். அவன் "போதும், அக்கா, போதும்" என்று அழுதான். நேபாளிக் காவலாளி இரண்டு கைகளாலும் அவளை இடுப்போடு கட்டி இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

போலீசில் இரண்டு தரப்பும் புகார் கொடுத்தன. நாலு மாதம் அலைந்துவிட்டு இரண்டு தரப்பும் வாபஸ் வாங்கின. கட்டடம் அவள் பெயருக்கு வந்தது. இடது மணிக்கட்டு இரண்டாம் முறை ஒட்டியபோது கோணலாக ஒட்டியது. நட்டு கழற்றும் வேலைக்கு ஆகவில்லை. அதற்கு ஆள் போட்டாள். கடை இரைச்சலில் செங்கிடம் எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால், புதிதாக வரும் லாரிக்காரர்கள் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏலத்துக்குப் போகிறவர்கள் யோசனை கேட்டு வந்தால், கடைசி விலையை யாரிடமும் உண்மையாகச் சொல்லாதே, தாவினால் ஒரே தாவலாகத் தாவு என்பாள். அதற்குமேல் பேசமாட்டாள்.

செங் மட்டும் ஒருமுறை கேட்டான். "அவன்தான் போதும்னானே. அப்பவே ஏன்க்கா விடல?"

"எனக்குப் போதல," என்றாள். தன் பூட்ஸ் காலைப் பார்த்தாள். "அந்த நேபாளி வந்து பிடிக்கலன்னா கொன்னுருப்பேன், செங்."

அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வாசலில் பதினாறு சக்கர லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனான்.