அன்வரின் நாலு கம்பி

அன்வரின் வாசிப்பைக் கெடுத்தவன் நான்தான். அவன் விரலில் பலமில்லை என்று எல்லோரும் பேசியது பொய். வால்யூம் திருகு என் கையில் இருந்தது. நான் குறைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள்... சொல்கிறேன்.

எண்பதுகளில் தர்மபுரியில் ஒரு பாட்டுக்கச்சேரிக் குழுவுக்கு மைக்செட் போட்டேன். அன்வர் அதில் பேஸ் கிட்டார் வாசித்தான். நாலு தடித்த கம்பி. அவன் அத்தா மெத்தை தைப்பவர். பஞ்சடிக்கும் வில்லின் அதிர்வைக் கேட்டு வளர்ந்தவன். கேசட்டில் இருக்கிறபடி வாசிக்க மாட்டான். பாட்டு ஒரு பக்கம் போகும், அவன் வேறு பக்கம் போவான். ஒரு கம்பியை ஓங்கி அடித்துவிட்டுச் சும்மா நிற்பான். தொலைந்தான் என்று நினைக்கும்போது சரியாக வந்து விழுவான். எங்கே கற்றானோ!

கடத்தூர் கல்யாணத்தில் அவன் அடித்த அடியில் என் ஸ்பீக்கர் கிழிந்தது. புதுப் பெட்டி. அடுத்த கச்சேரியில் அவன் திருகை இறக்கினேன். பெட்டிக்காகத்தான்... முதலில்.

பெட்டி சரியான பிறகும் ஏற்றவில்லை. ஜனங்கள் அவனைத்தான் பார்த்தார்கள். மைக்செட்காரனை யார் பார்க்கிறார்கள்? மைக் கூவினால் மட்டும் திரும்பித் திட்டுவார்கள்.

மேடையில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. தன் வாசிப்பை அதில் கேட்டுக்கொள்வான். கூட்டத்துக்குப் போவது என் வழியாக. நான் இறக்கியிருப்பது அவனுக்குத் தெரியாது.

"அண்ணா, வெளிய கேக்குதுங்களா?"

"ஜம்முனு கேக்குது தம்பி. நீ வாசி."

பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. அவன் அத்தா முதல்முறையாகக் கேட்க வந்தார். மகன் கிட்டாரில் இருப்பதா, மெத்தைக் கடைக்குத் திரும்புவதா என்று வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அன்வரே இதை என்னிடம் சொன்னான். தெரிந்தும்... ஏற்றிவிட என் கை திருகு வரை போனது. நின்றது.

அன்று அவன் வாசித்தான்! மேடையில் இருந்தவர்கள் அவரவர் பாட்டில் இருந்தார்கள். ஓரத்தில், அவன் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டேன். அப்படி ஒன்றைப் பிறகு கேட்கவில்லை.

இறங்கி வந்தவனிடம் அத்தா சொன்னார்: "ஏண்டா, கம்பிய சொறிஞ்சிக்கிட்டா நின்ன? பாட்டு கேக்குது, டிரம்மு கேக்குது, ஒன்னுது எங்கடா? வூட்டுல நான் வில்லடிச்சா தெரு முச்சூடும் கேக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்வர் என்னிடம் வந்தான்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. கேட்டுச்சிங்கல்ல?"

"கொஞ்சம் அழுத்தி வாசிச்சிருக்கலாம் தம்பி."

இதுதான் நான் சொன்னது... இதேதான்!

அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தான்.

அந்த மாதமே கிட்டாரை விற்றான்.

சில வருடம் கழித்து அவர்கள் மெத்தைக் கடைப்பக்கம் போனேன். உள்ளே வில் அதிர்ந்தது. ஓங்கி ஓர் அடி. பிறகு ஒன்றுமில்லை. தொலைந்தது என்று நினைக்கும்போது சரியாக வந்து விழுந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்கண்ணா, டீ சாப்டுங்க" என்றான், பஞ்சைத் தட்டிக்கொண்டே.

"தெருமுனை வரைக்கும் கேக்குது தம்பி. ஜம்முனு இருக்குது."

சிரித்தான். "வுடுங்கண்ணா. நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்வீங்க."

டீயைக் குடித்தேன். திருகைப் பற்றிச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.