மீன் வாசம் அடித்த வாழைப்பழ வற்றல்

எங்கள் மாமா தம் கையால் செய்த சாமான்களில் உருப்படியாக வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கும் மீன்பெட்டி என்று பேர் வைத்துக் கெடுத்துவிட்டார்கள்.

மாமா என்றால் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். தீவின் வடகிழக்கில் ரிவியேர் டு ராம்பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. அதன் மூலையில், கரும்புத் தோகை வேய்ந்த ஒரு சின்ன வீட்டில் அத்தையும் மாமாவும் குடியிருந்தார்கள். மாமாவுக்குச் சர்க்கரை ஆலைப் பட்டறையில் வேலை. கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஓய்ந்துவிட்டால் மழைக்காலம் முழுக்க அவருக்குக் கை அரிக்கும். தானாகச் சாத்திக்கொள்ளும் கோழிக்கூட்டுக் கதவு ஒன்று செய்தார். அது கோழிகளை வெளியே விட்டுவிட்டுச் சாத்திக்கொண்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது போல, கோழிகளுக்குப் பழக்கம் போதாது என்று சொன்னார். அத்தை மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள். எனக்கு அத்தையிடம் பிடித்தது அதுதான்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அத்தை காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மாமாவின் ஊர் தீவின் மறுகோடியில் உள்ள சுரினாம் என்ற கிராமம். அங்கே இருந்த அவருடைய தாயார், மகனுக்கு வேறு பெண் பார்த்து வைத்துவிட்டதாகவும், காவடிக்கு வரும்போது பேசி முடிக்கப்போவதாகவும் செய்தி வந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து கரும்புக்குள் போய்விட்டார். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். ஓர் அத்தையே இவ்வளவு நன்றாக இருந்தால் இரண்டு அத்தை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் புயல் அடித்தது. கூரைகள் தப்பின. வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைகள் மட்டும் குலையும் தாருமாகச் சாய்ந்தன. அத்தை விரத நாட்களில் பாலும் பழமும் மட்டுமே சாப்பிடுவது என்று இருந்தாள். முந்தின வருஷம் வெறும் வயிற்றோடு கோயிலில் மயங்கி விழுந்தவள் அவள். இப்போது இருக்கிற பழமெல்லாம் ஒன்றாகப் பழுத்து, விரதம் தொடங்குமுன் அழுகிப்போகும் போல இருந்தது. அம்மா நறுக்கிப் பாயில் காயவைத்தாள். வெயில் வந்தால் பின்னாலேயே தூறல் வந்தது. தூறல் விட்டால் ஈ வந்தது.

மாமா அப்போதுதான் பெட்டி செய்தார். சீனர் கடையிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே தகடு பதித்த நல்ல பெட்டி. ஆலைத் துரை வீட்டில் புயலுக்கு உடைந்த ஜன்னலின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மேலே மூடியாகப் பொருத்தினார். அடியில் கரியைக் குழைத்துப் பூசினார். காற்றுப் போகக் கீழே சில துளை, மேலே சில துளை. மூங்கில் சட்டத்தில் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டித் தட்டுகளாக்கினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறார் என்றாள் அம்மா. பழத்தை நீளவாக்கில் சீவி, எலுமிச்சைச் சாற்று நீரில் முக்கி, தட்டுகளில் பரப்பினார்கள். மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயில் நகர நகரப் பெட்டியை அதன் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். மழை வந்தால் கண்ணாடியில் தாளம் போட்டுவிட்டுப் போயிற்று. உள்ளே பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காய்ந்து வந்த வாழைப்பழம் தேன் நிறத்தில், மேலே லேசாக ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல இனித்தது. அன்னாசிச் சில்லுகளும் காய்ந்தன. பிள்ளைகளுக்கென்று சிலவற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தார். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மாமா அன்று நடந்த நடையைப் பார்த்தால் ஆலையே அவருடையது என்று நினைக்கத் தோன்றும்.

கொடி ஏறியது. எங்கள் வீட்டில் மீன் சட்டிகள் தோட்டத்துக் கொட்டகைக்குப் போயின. புதுப்பானை வந்தது. எல்லோரும் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். முதல் சில நாட்கள் அத்தை வற்றலும் பாலும் சாப்பிட்டுக்கொண்டு தெம்பாகத்தான் இருந்தாள். பிறகு ஒரு காலையில், வற்றலை வாய்க்கருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"மீன் நாத்தம் அடிக்குது அண்ணி. கருவாட்டு நாத்தம்."

சொல்லிவிட்டு வாழைத்தூர்ப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

விரத வீட்டில் மீன் என்ற சொல்லே வரக்கூடாது. அம்மா முகர்ந்து பார்த்தாள், அப்பா முகர்ந்து பார்த்தார், நானும் முகர்ந்தேன். வாழைப்பழ வாசம்தான் வந்தது. ஆனால் அப்பாவுக்குச் சட்டென்று பெட்டி நினைவு வந்தது. சீனர் கடையில் கருவாடும் உப்புக்கண்டமும் வராத பெட்டி எது என்று மாமாவைக் கேட்டார். மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலிப்பெட்டி என்று மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். கருவாட்டுப் பெட்டியில் காய்ந்ததைத் தின்றவள் காவடியைத் தொடக்கூடாது, சாமி குத்தமாகிவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். காவடி இல்லையென்றால் சுரினாமிலிருந்து வருகிறவர்களை நிறுத்த அவளிடம் ஒன்றுமே இல்லை. மாமா கோடாலியை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனார். ஓங்கினார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார்.

திரும்பி வரும்போது கடைக்காரச் சீனரையும் இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்த எரிச்சலில் இருந்தார். பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். வெளியே எடுத்து எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"திதே," என்றார். "புவாசோன் இல்லே. திதே, திதே."

மீன் இல்லையாம், தேயிலைப் பெட்டியாம். மீன் வந்த பெட்டிக்கு உள்தகடு எதற்கு என்று கிரியோலில் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒரு துண்டு வற்றலை எடுத்து மென்றுகொண்டே போய்விட்டார். அப்பா தாடையைச் சொறிந்தார். அத்தை மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. மீன் நாத்தம்தான் அடிக்கிறது, இப்போது பாலிலும் அடிக்கிறது என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்குள் அழைத்துப்போனாள். நான் கதவிடுக்கில் நின்றேன். அம்மா தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். இந்தத் தடவை தள்ளிப்போகிறதே, விரதத்துக்கு இடைஞ்சல் வராமல் முருகன்தான் தள்ளி வைத்திருக்கிறான் என்று இருந்தேன் என்றாள் அத்தை. அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். காவடிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுகிறாள் என்று நான் நினைத்தேன். எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாழைப்பழத்துக்காக இப்படியுமா அழுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். பெட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, ஆகையால் தோஷம் அவரோடு போகட்டும், காவடியை அவரே எடுக்கட்டும், அத்தை பின்னால் பால் செம்போடு நடந்தால் போதும். பெட்டி தேயிலைப் பெட்டி என்று இப்போதுதானே தெரிந்தது என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா பூசாரியிடம் சொல்லப் போனார். மாமாவிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. அன்று முழுக்க அவர் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் சுரினாமிலிருந்து ரயிலேறி மாமாவின் தாயார் வந்தாள். கூட மூத்த மகனும் அவன் மனைவியும். விரத வீட்டில் வந்ததும் வராததுமாக எதையும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காவடி தன் மகன் தோளில் ஏறுவதையும், மருமகள் குடை நிழலில் செம்போடு நிற்பதையும் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் விரதம்கூட இருக்க முடியாதவளா என் வம்சத்தைப் பெற்றுத் தரப்போகிறாள் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வாயைத் திறந்து, ஊர்ப் பெண்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நாள் ஆகுமுன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை விரதத்தை விடவில்லை என்பதுதான். நான் கிழவியின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த மேல தப்பு இல்ல. வத்தல்ல அத்தைக்கு மட்டும் மீன் நாத்தம் அடிக்குது. சீனரு அது திதே பெட்டின்னு சொல்லிட்டாரு. பாலுலகூட அடிக்குதாம். அம்மா வெரல் வுட்டு எண்ணிப் பாத்தாங்க."

கிழவி என்னைப் பார்த்தாள். என் கையில் வழியில் தின்ன அம்மா தந்த வற்றல் பொட்டலம் இருந்தது. அவள் அதை வாங்கி ஒரு துண்டு எடுத்தாள். மூக்கருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் கண்ணில் நீர் வந்தது. துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "மீனு வாசந்தான்."

மூத்த மருமகள் எட்டி வாங்கி முகர்ந்துவிட்டு, ஆமாம் என்றாள். அம்மாவும் ஆமாம் என்றாள். ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் முகர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்றார்கள். கிழவி முந்தானையால் அத்தையின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். கோயில் வரைக்கும் அவள் பிடித்த குடை அத்தையின் தலையை விட்டு நகரவில்லை. முன்னால் மாமா காவடியைக் கோணலாகத் தூக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

இரண்டாவது அத்தை வரவே இல்லை. அந்த ஆவணியில் வந்தது ஒரு குட்டிப் பெண். மாமாவின் சாயல். எதற்கெடுத்தாலும் முட்டிக்கொண்டு அழுவாள். மாமா அவளுக்குத் தானாக ஆடும் தொட்டில் ஒன்று செய்ய ஆரம்பித்தபோது, அம்மா சுத்தியலைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

அன்று காவடி ஊர்வலத்தில் நடந்துகொண்டே பொட்டலத்தில் மிச்சமிருந்ததை நான் மறுபடியும் மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். வாழைப்பழ வாசம்தான் வந்தது. பெரிய பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிகிறதே, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று அழுகை வந்தது. சரி, பெரியவளானால் நமக்கும் அந்த வாசம் தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த மட்டில் நான் நினைத்தது சரிதான்.