இருபத்தொன்று முடிந்ததா, நடக்கிறதா?

கப்பலில் பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்குச் சரக்கு கலக்கத் தெரிகிறதோ இல்லையோ, முகத்தைப் பார்த்ததும் வயதைச் சந்தேகப்படத் தெரிய வேண்டும். ரேஷன் கடையோ, டிக்கெட் கவுண்டரோ, ஆஸ்பத்திரி டோக்கனோ, எங்காவது நின்று "இல்லைங்க, முடியாதுங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

நான் உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்துப் பெண். பெயர் ஸ்டெல்லா. காஞ்சிபுரத்தில் கேட்டரிங் படித்துவிட்டு, சென்னையில் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் குடும்பச் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் கப்பலின் சட்டம் ரொம்ப எளிது. இருபத்தொரு வயது முடியாதவருக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது. அப்பா சம்மதித்தாலும் கிடையாது, அப்பாவே வாங்கித் தந்தாலும் கிடையாது. மீறி ஊற்றினவர் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கிவிட வேண்டியதுதான். ஊற்றாமல் இருந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். விருந்தாளி கோபித்துக்கொண்டு புகார் எழுதினால், பதவி உயர்வு அதோடு போச்சு.

போன சீசனில்தான் எங்கள் பாருக்கு ஒரு சூப்பர்வைசர் போடப் போவதாக மேனேஜர் லோபோ சார் சொன்னார். கோவாக்காரர், சிரிக்கவே மாட்டார். சூப்பர்வைசர் போடும் மெரூன் கோட்டை அதுவரை எங்கள் கப்பலில் எந்தப் பெண்ணும் போட்டதில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. ஆசை என்று சொன்னால் பொய், வெறி. நான் சொல்லப்போவது எல்லாம் அந்த வெறியோடு நின்ற சீசனில் நடந்தவை.

நடக்குதுங்க

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மகனோடு வந்து இரண்டு பீர் கேட்டார். பையனுக்கு மீசையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அறைக் கார்டைத் தேய்த்தால் திரையில் இருபது என்று வந்தது. "இருபது இல்லீங்க, இருபத்தொண்ணு நடக்குதுங்க" என்றார் அப்பா. நம் ஊர்க் கணக்கு அதுதானே. பெண் பார்க்கப் போனாலும் நடக்கிற வயதைச் சொல்வோம், சாவு வீட்டிலும் "எண்பது நடந்துட்டு இருந்துச்சு" என்போம். கம்ப்யூட்டருக்கு நடப்பதெல்லாம் தெரியாது, முடிந்தது மட்டும்தான் தெரியும்.

"நடந்து முடியட்டும் சார், அடுத்த தடவை வரும்போது நானே ஊத்தறேன்" என்றேன். அவர் விடவில்லை. போன வருஷமே இருபது முடிந்துவிட்டது, அப்படியென்றால் இது இருபத்தொன்றுதானே என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. அதுவரை வாயே திறக்காத பையன் என் பக்கம் குனிந்து சொன்னான்: "நான் கேக்கவே இல்லீங்க்கா. அம்மா வந்து கேட்டா, பையனுக்குத்தான் வாங்கினேன்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு ஆள் வேணும்."

ஒழுக்கமான பையன்

எங்கள் பார் மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். ஒரு சாயங்காலம் இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு விஸ்கி வாங்கி ஒரு வாய்தான் குடித்திருப்பான். தூரத்தில் அப்பா வருவதைப் பார்த்ததும் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு, "அக்கா, வேற படிக்கட்டு இருக்கா?" என்றான். காட்டினேன். அப்பா வந்து உட்கார்ந்தார். "என் பையன் இந்தப் பக்கம் வந்தானாம்மா? வரமாட்டான், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு ரம் வாங்கினார். பாதிகூடக் காலியாகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடைய அப்பா வந்துகொண்டிருந்தார். இவரும் அதே படிக்கட்டில் இறங்கினார். ஐம்பது வயது மனிதர் அந்த வேகத்தில் படி இறங்கி நான் பார்த்ததில்லை.

பெரியவர் நிதானமாக உட்கார்ந்து ஒரு சின்ன பிராந்தி கேட்டார். கார்டில் எழுபத்தாறு என்று வந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் குடிக்கிற வயது என்று ஒன்று வரவே வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "என் பையன் வந்தா இது இருமல் மருந்துன்னு சொல்லிடும்மா. அவன் ரொம்ப ஒழுக்கமானவன்."

ஆனி அனுஷம்

சென்னைக்கார அம்மா ஒருவர் மகனின் இருபத்தொன்றாவது பிறந்த நாளுக்குக் கேக்கும் ஷாம்பெயினும் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த அம்மா அசரவில்லை. போனில் ஜாதகத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஆனி அனுஷம். இன்னிக்கு ஆனி, இன்னிக்கு அனுஷம். இருபத்தொண்ணு முடிஞ்சுடுத்து. தேதியெல்லாம் வெள்ளக்காரன் கணக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. ஜாதகத்தைக் காட்டிக் கல்யாணத்தை நிறுத்தினவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் காட்டிச் சரக்கு கேட்டவர் இவர் ஒருவர்தான். ஆனால் கப்பல் கிரிகோரியன் கப்பல். ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து நுரை பொங்க நீளக் கிளாஸ்களில் ஊற்றி, வெயிட்டர் பையன்கள் இரண்டு பேரைக் கைதட்டிப் பாடச் சொல்லி, ஊர்வலமாகவே கொண்டுபோனேன். புகார் வருமோ என்று அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "இதுவும் நன்னாத்தான் இருக்கு. நட்சத்திரத்துக்கு ஜூஸ், தேதிக்கு ஷாம்பெயின். அதை நாங்க ஆத்துல பாத்துக்கறோம்" என்றார்.

கம்ப்யூட்டரில் இல்லாத கட்டம்

இது நேர்மாறான கதை. ஒரு குடும்பம் மேஜையில் உட்கார்ந்திருந்தது. மகள் தைரியமாக ஒரு கிளாஸ் ஒயின் சொன்னாள். அவள் அம்மா கை கழுவப் போகிற மாதிரி எழுந்து என் பின்னாலேயே வந்தார். "அவளுக்குக் குடுக்காதம்மா. வயசு பத்தலன்னு சொல்லிடு." கார்டைப் பார்த்தேன், இருபத்துமூன்று.

"பத்துதும்மா. பொய் சொல்ல முடியாது" என்றேன். "கல்யாணம் ஆகாத பொண்ணும்மா" என்றார். "அந்தக் கட்டம் எங்க கம்ப்யூட்டர்ல இல்லம்மா" என்றேன். எத்தனையோ பையன்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோன எனக்கு, ஒரு பெண்ணுக்கு உண்டு என்று சொல்ல அந்தச் சட்டமே கைகொடுத்ததில் அவ்வளவு சந்தோஷம். தட்டில் வைத்து, நாப்கின் மடித்து, ராஜமரியாதையோடு கொண்டுபோய் வைத்தேன். அம்மாவும் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள், முகம் கோணியது, கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "இதுக்கா அப்பா இத்தனை வருஷமா உன்கிட்ட திட்டு வாங்கினாரு?"

காதுகுத்து

நடுவில் லீவில் ஊருக்கு வந்தேன். ஐயங்கார்குளத்தில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பாரில் வேலை செய்கிறாள் என்றால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பந்தியில் ஒரு பெரியம்மா சாம்பார் வாங்கிக்கொண்டே, "இன்னா ரோசம்மா, ஒம் பொண்ணு கப்பல்ல சாராயம் ஊத்திக் குடுக்குதாமே?" என்று இழுத்தார். ரோசம்மா என்றால் என் அம்மா. வெயிலில் நாற்று நட்டே என்னைப் படிக்க வைத்தவள். அவள் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஊத்திக் குடுக்குற வேலயில்ல பெரிம்மா, சின்னப் பசங்களுக்கு ஊத்த வுடாம தட்க்குற வேல" என்றாள். பெரியம்மா அதற்கப்புறம் ரசம்கூடக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் காற்றாட நடந்தேன். புளிய மரத்தடியில் என் மாமா மகனும் அவன் கூட்டாளிகளும் ஒரு பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காலேஜ் இரண்டாம் வருஷத்தைத் தாண்டாத பையன்கள். நான் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் ஒருவன் பதறிக்கொண்டு எழுந்தான்: "டேய், கப்பல்காரி வந்துகினு கீதுடா, எல்லாம் ஆதார் கார்ட எட்து கைல வச்சிக்கோங்க!"

நிலத்துக்காரர்

சீசன் முடிய ஒரே ஒரு பயணம் பாக்கி. இனி ஒன்றும் கெட்டுப்போகாது என்று இருந்தபோது, எங்கள் ஊர் நிலத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கப்பலில் ஏறினார். அம்மா நாற்று நட்டது அவருடைய நிலத்தில்தான். அவர் வீட்டுக்கு அம்மா இன்றைக்கும் கொல்லைப்புறமாகத்தான் போவாள். மேல்தளத்தில் என்னைப் பார்த்ததும், "இன்னா புள்ள, நீ ரோசம்மா பொண்ணு தானே? இங்கியா கீற?" என்று சத்தமாகக் கேட்டார். காஞ்சிபுரத்துச் சிநேகிதர்கள் கூட இருந்தார்கள். தன் கார்டில் பீர் வாங்கினார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளாஸ் நகர்ந்து நகர்ந்து அவர் மகன் கைக்குப் போய்விட்டது. பையனுக்கு இருபது.

பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று மனசு சொன்னது. ஆனாலும் போனேன். "சார், தம்பிக்கு இருபத்தொண்ணு ஆவல. நான் எட்துக்கறேன்" என்று சொல்லி அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கினேன். பையன் கொடுத்துவிட்டான். அப்பாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "எங்க நெலத்துல நாத்து நட்றவ பொண்ணு நீ. எங்க கைல கீற கிளாஸயே புடுங்கறியா?" என்றார். "எங்கம்மா நட்டது கூலிக்கு சார். இது என்னோட வேல" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியாது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, "ஒன் வேலைய இன்னிக்கே காலி பண்றேன் பாரு" என்று நேராகப் புகார் சொல்லப் போய்விட்டார். மெரூன் கோட்டு கடலில் விழுந்து மிதந்து போவது என் கண்ணுக்கே தெரிந்தது.

லோபோ சார் வந்தார். நிலத்துக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் சத்தம் கேட்டு அவர் மனைவி நீச்சல் குளத்துப் பக்கமிருந்து ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே வந்தார். ஊரில் அந்த அம்மா உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. மகனைப் பார்த்தார், என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. சிநேகிதர்கள் எல்லாரும் கேட்கும்படி கணவரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு எம் புள்ளைக்கு ஊத்திக் குட்த்திருந்தா நான் எய்தியிருப்பேன் கம்ப்ளெயின்ட்டு. குடுக்காததுக்கு நீ எய்தறியா? எய்து, கீய நானும் கையெய்த்து போட்றேன், ஆனா ஒன் மேல!"

கோட்டு

அந்த ஆள் எழுதவில்லை. கப்பல் சென்னைக்குத் திரும்பிய அன்று லோபோ சார் என்னைக் கூப்பிட்டார். ஏற்கெனவே சீசனில் என்மேல் வந்த புகார்களை அவர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். கோயம்புத்தூர்க்காரர் உட்படப் பல பேர் எழுதியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்று நான் விறைத்துக்கொண்டு நின்றேன். அவர் பீரோவைத் திறந்து மெரூன் கோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். தோள்பட்டை என் அளவுக்கே தைத்திருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. சிரிக்கத் தெரியாத மனிதர் அன்றைக்குச் சிரித்தார். "உன்மேல் வந்த எல்லாப் புகாரிலும் ஒரே ஒரு குற்றம்தான் ஸ்டெல்லா: ஊற்ற மாட்டேன் என்கிறாள். இதைவிட நல்ல சிபாரிசை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

பிள்ளைகளுக்கு வயது நிரம்பிவிட்டதா என்று பார்க்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் பாதி நாள் நான் அவர்களுடைய அப்பாக்களுக்கு நிரம்பிவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.