நோர்மாவின் கார்

இதை ஒரே ஒரு தடவை அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அந்தப் பக்கத்தை மட்டும் உருவி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று என்னோடு காரில் இருந்த கர்ட்டிஸைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். 

என் பெயர் ஜனீன் புரூயிட். வாகனப் பாதுகாப்பை விசாரிக்கும் அரசு அலுவலகத்தில் வேலை. குறிப்பிட்ட ஒரு மாடல் கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்து நின்றுவிடுகிறது என்று நாடு முழுக்கப் புகார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக ஓடும். "நம்ம கண்ணு முன்னாடி ஒரு வண்டியாவது நிக்கணும். இல்லேன்னா விசாரணையை மூடிடுவேன்" என்றார் மேலதிகாரி.

அந்தப் புகார்களில் ஒன்று நோர்மா ஸ்கீன்ஸ் என்ற பெண்ணின் கார். மேற்கு வர்ஜீனியா மலை நெடுஞ்சாலையில், மூடுபனிக்குள் நின்றுபோயிருக்கிறது. உதவி தேடி இறங்கிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அடுத்த நொடி பின்னால் வந்த லாரி அடித்து, அங்கேயே இறந்துபோனாள். காரில் பெரிய சேதம் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு நவம்பர் மத்தியானம், நானும் கர்ட்டிஸும் அவள் வீட்டுக்குப் போனோம். கர்ட்டிஸ் எங்கள் எஞ்சினியர். நோர்மாவின் கணவர் டெல்பர்ட் வாசலுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். கூடவே, துணியில் சுற்றிய, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி இரண்டு.

"கொட்டகையில நிக்குது. எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. நான் அங்க வரல. என்னால அதைப் பார்க்க முடியாது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரேடியோ சத்தமாகப் பாட ஆரம்பித்தது.

காரெல்லாம் தூசி. கர்ட்டிஸ் எங்கள் பதிவுக் கருவியை மாட்டினான். வேகம், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது எல்லாம் அதில் பதிவாகும். சாவியைத் திருப்பினான். முதல் தடவையிலேயே கிளம்பியது.

"பார்றா! எட்டு மாசம் தூங்கின கழுதை, கூப்பிட்டதும் எழுந்துடுச்சு" என்று சிரித்தான்.

சீட் ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்தது. நோர்மா குள்ளம் போலிருக்கிறது. கர்ட்டிஸ் ஆறடி. பின்னால் தள்ளிப் பூட்டிவிட்டு ஓட்டினான்.

நெடுஞ்சாலை ஏறும்போது வெயில் இருந்தது. மேலே போகப் போக மூடுபனி. ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவன் நெளிந்தான்.

"என்னாச்சு?"

"சீட்டு... முன்னாடி வருது."

பார்த்தேன். அவன் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டிருந்தது.

"சரியா பூட்டலையா?"

"பூட்டினேன் ஜனீன்."

வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடி துடைப்பான் தானாக ஒரு தடவை போய் வந்தது. கர்ட்டிஸின் கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. நான் எதையும் தொடவில்லை.

மூன்று மணி பத்து நிமிடம். எஞ்சின் அணைந்தது.

இருமல் இல்லை. உதறல் இல்லை. சட்டென்று மௌனம். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. கார் உருண்டு உருண்டு வலது பாதையிலேயே நின்றது. என் பக்கம் இரும்புத் தடுப்பு. கதவைத் திறக்க இடமில்லை.

"கிடைச்சிடுச்சு! இதுதான் வேணும்" என்றான் கர்ட்டிஸ். முகத்தில் சந்தோஷமில்லை. "பின்னாடி எச்சரிக்கை விளக்கு வைக்கணும். இறங்கறேன்."

கதவைத் தள்ளினான்.

ஒரு விரல் அகலம் திறந்தது.

டப்... மூடிக்கொண்டது.

"காத்தா?"

காற்றே இல்லை. மூடுபனி அசையாமல் நின்றது.

மறுபடி தள்ளினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு வரவில்லை. வெளியிலிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"ஜனீன்... கண்ணாடியைப் பாரு."

பார்த்தேன்.

அவன் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில், வெளிப்புறம், ஒரு உள்ளங்கை.

சின்னக் கை. விரல்கள் விரிந்து, அழுத்தத்தில் வெளுத்திருந்தன.

மணிக்கட்டு வரைதான் தெரிந்தது.

அதற்குப் பின்னால் பனி.

நான் கத்தினேன். 

அப்போது கேட்டது...

ர்ர்ர்ர்ர்...

பின்னாலிருந்து.

லாரி.

"திறடா!"

"திறக்கலடீ!"

கார் குலுங்கியது. வெளிச்சம். இரைச்சல். அவன் பக்கத்துக் கண்ணாடி ஓரம் முழுக்க இரும்பு ஓடியது. படார்! கதவுக்கு வெளியே நீட்டியிருந்த பின்பார்வைக் கண்ணாடி பிய்ந்து போனது.

லாரி போய்விட்டது.

மௌனம்.

கை இல்லை.

க்ளக்... கதவு தானாகத் திறந்தது. மெதுவாக. அகலமாக.

அவன் முழங்காலுக்கு வெளியே தார்ச்சாலையில் புத்தம் புதிய டயர் தடம். இறங்கியிருந்தால் அவன் கால் வைத்திருக்கக்கூடிய இடம்.

தடுப்பைத் தாண்டிக் குதித்து, புல்லில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். நான் அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போலீஸ் வந்தது. இழுவை வண்டி காரைத் தூக்கியது. கர்ட்டிஸ் கருவியைத் திறந்து பார்த்தான். வேகம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. எஞ்சின் சுற்று மட்டும், கொட்டகையிலிருந்து கடைசிவரை, பூஜ்யம்.

"கருவி கெட்டுப்போச்சு" என்றான். அவன் சொன்னதை அவனே நம்பவில்லை.

இருட்டுவதற்குள் டெல்பர்ட் வீட்டுக்குத் திரும்பினோம். கை விஷயத்தைச் சொல்லவில்லை. கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"நெடுஞ்சாலைக்கு எப்படிம்மா கொண்டுபோனீங்க? இழுத்துக்கிட்டா?"

"இல்ல, ஓட்டிக்கிட்டுத்தான். ஏன்?"

"ஓட்டிக்கிட்டா?" அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வக்கீல் அனுப்பின ஆளுங்க ஏப்ரல்லயே வந்து, டேங்க்கைப் பிரிச்சு, எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்பைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. சோதனைக்குன்னு. இன்னும் திருப்பித் தரல. டேங்க்குல ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் கிடையாது..."