ஆனை அதட்டுகிறவர்

காபி பாதி குடித்திருக்கும்போது பாலுசாமி டம்ளரைக் கீழே வைக்கிறார். வலது கையை வாயருகே குவித்து, எதிரே தெரியும் காட்டைப் பார்த்து, "ஹேஏஏய்... ஹோஓஓ!" என்று ஓர் அதட்டல் போடுகிறார். பக்கத்துக் குடிலில் தங்கியிருக்கும் பெங்களூர்க்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே ஓடி வந்து பார்க்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டுக்கோழி அலறிக்கொண்டு எழும்பிப் போகிறது. பாலுசாமி டம்ளரை எடுத்து மீதிக் காபியைக் குடிக்கிறார். தான் கத்தியதே அவருக்குத் தெரியாது. கேட்டால், "நானுங்களா? இல்லீங்களே" என்பார்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் அவருக்குத் தென்னையும் நேந்திரன் வாழையும் இருக்கின்றன. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் யானைகள் இறங்கிவிடும். இரவெல்லாம் தோட்டத்துச் சாளைக் குடிசையில் உட்கார்ந்து, கண் அசரும்போதெல்லாம் இப்படி ஒரு சத்தம் கொடுப்பார். இங்கே ஆள் இருக்கிறது என்று காட்டுக்குச் சொல்லும் சத்தம் அது. முப்பது கோடைகளாகக் கொடுத்துக் கொடுத்து, அது இப்போது இருமல் போல ஆகிவிட்டது. பேச்சுக்கு நடுவில் வரும், சோற்றுக்கு நடுவில் வரும். சம்பந்தி வீட்டு விருந்தில் பாயசம் பரிமாறும்போது ஒருமுறை வந்து, பரிமாறியவர் வாளியைக் கீழே போட்டதாக அவர் மனைவி ராசாத்தாள் சொல்கிறார்.

அறுபதைத் தாண்டிய, ஒடிசலான, உயரமான மனிதர். நெற்றியில் திருநீற்றுக்கு மேலே, தலையில் கட்டும் டார்ச்சின் பட்டை அழுத்தி அழுத்தி ஒரு தடம் விழுந்திருக்கிறது. அந்த டார்ச்சை விடுமுறைக்கும் கொண்டுவந்திருந்தார். அது போக ஒரு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு. கார் டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே ஒரு பழைய எண்ணெய் டின்னும் அதைத் தட்டும் கட்டையும் இருந்ததை அவர் மகள் லோகப்பிரியா ஆழியாறு தாண்டித்தான் கண்டுபிடித்தாள்.

"இது எதுக்குங்ப்பா?"

"சும்மா ஒரு தைரியத்துக்குக் கண்ணு."

லோகப்பிரியா என்னோடு கல்லூரியில் படித்தவள், இப்போது சென்னையில் வேலை. அவள்தான் வால்பாறைப் பக்கம் இந்த விடுமுறைக் கிராமத்தில் இரண்டு குடில்கள் எடுத்து, அப்பா, அம்மா, கணவன் தீபக், ஆறு வயது மகள் கனிஷ்கா எல்லோரையும் கூட்டிவந்தாள். காரில் ஓர் இடம் மிச்சம் இருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். பாலுசாமி கோடையில் ஊரை விட்டு வெளியே இரவு தங்கியது அதுவே முதல் முறை. மகள் கல்யாணத்தையே காவலுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஆவணியில் வைத்தவர் அவர். பேத்தி பள்ளிக்கூடத்தில், "எங்க அப்புச்சிக்கு ஆனையெல்லாம் பிரெண்டு, லீவுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். அவளே போனில் கேட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

வந்து இறங்கியதும் வாசல் பலகையைப் படித்தார். "கிராமமுன்னு போட்டிருக்கான். ஒரு கோழியக் காணோம், ஒரு சாணியக் காணோம்."

"வந்த எடத்துலயும் சாணி தேடறாரு பாருங்க" என்றார் ராசாத்தாள்.

அடுத்த பலகையில், யானைகளைக் கண்டால் அமைதி காக்கவும் என்று எழுதியிருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல மெதுவாகப் படித்தார். "ஆனையக் கண்டா அமைதியா? அப்பறம் வாழை எங்கீங்க இருக்கும்?" பிறகு என்னிடம் திரும்பினார். நான் சில வருடங்கள் பல நாடுகளில் திரிந்துவிட்டு வந்தவள் என்று மகள் சொல்லியிருந்தாள். "ஏனுங் அம்மணி, நீங்க ஊரூராப் போனவங்க. அங்கெல்லாமும் ஆனை பாக்கக் காசு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. வரிசையில நின்னு குடுப்பாங்க."

"நம்மூட்டுக்கு ஓசீல வருது. அதான் மதிப்பில்ல."

அவருடைய நாள் மற்றவர்களுடைய நாளோடு சேரவில்லை. காலை இட்லி முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பும்போது குறட்டை கேட்கும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். மேஜைகளில் தட்டு கூட வைத்திருக்க மாட்டார்கள். "பொழுது உழுகறக்குள்ள உண்டுபோட்டாத்தானுங்க காவலுக்குத் தோது" என்று சமையல்காரரிடம் சொல்வார். காவல் இங்கே இல்லை என்பது ரசம் ஊற்றும்போதுதான் ஞாபகம் வரும்.

மீதிப் பொழுதெல்லாம் அவர் இருக்கும் இடம் கடைசிக் குடிலுக்குப் பின்னால் உள்ள மேடு. அங்கே ஒரு சவுக்கு மரமும் அதன் கீழே ஒரு கல் பெஞ்சும் இருந்தன. அந்த மரத்தடியில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இரண்டு அடி தள்ளினால் போய்விடும். பட்டன் போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருப்பார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய அழைப்புக்குக் காத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"வரப்படாதுன்னு காத்திருக்கறனுங்க."

தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்துக் கதிர்வேலிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். திங்கட்கிழமை வாழை வெட்டு. வருடம் முழுவதும் பார்த்த பாடு அன்றைக்குத்தான் லாரி ஏறும். கதிர்வேலுக்கு ஒரே ஒரு கட்டளை. "ஆனை உள்ள எறங்குனா மட்டும் கூப்புடோணும். சும்மா சும்மா நல்லாருக்கீங்களான்னு கேக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டேன்." ஆகவே போன் அடிக்காத ஒவ்வொரு மணியும் அவருக்கு நல்ல சேதி.

"அடிச்சா இங்கிருந்து என்னங்ப்பா செய்வீங்க?" என்றாள் லோகப்பிரியா.

"பங்காளிக நாலு ஊடு இருக்குதில்ல? நான் ஒரு சத்தம் குடுத்தா பட்டாசு, டிராக்டரு எல்லாத்தோடயும் ஓடியாந்து முடுக்கிப்போடுவானுங்க. கதிரு கூப்புட்டா போனையே எடுக்கமாட்டானுங்க. வரப்புச் சண்ட."

"முன்னாலயே சொல்லிட்டு வந்திருக்கலாமில்லீங்க?"

"சொன்னா? நீ மலைக்கு டூர் போவே, நாங்க உன்ற வாழைக்குக் காவலாம்பானுங்க. நான் ஊருல இல்லீன்னே அவனுங்களுக்குத் தெரியாது."

ராசாத்தாள் தலையில் அடித்துக்கொண்டார். "ரோசத்துல ஒண்ணும் கொறச்சல் இல்ல."

யானைகளைப் பற்றி அவரிடம் கேட்கப் போனவர்கள் ஏமாந்துதான் திரும்பினார்கள். பெங்களூர்க்காரர் ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முப்பது வருஷமாகப் பார்க்கிறீர்களே, எப்படி இருக்கும் என்று கேட்டார். "முழுசாப் பாத்ததில்லீங்களே" என்றார் பாலுசாமி. "டார்ச்சு வெளிச்சத்துல ஒரு காது தெரியும். இல்லாட்டிப் பின்னங்காலு. அதுக்குள்ள கத்திப்போடுவேன், அது திரும்பிரும். மூஞ்சி எப்படி இருக்கும்னெல்லாம் கோயில் ஆனையப் பாத்தாத்தானுங்க தெரியும்."

மேட்டிலிருந்து பார்த்தால் கீழே தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சதுப்பு தெரியும். நடுவில் கொஞ்சம் தண்ணீர். கிராமத்தின் வழிகாட்டி சாஜித், கூடலூர்ப் பையன், நான்காம் நாள் சாயங்காலம் எல்லோரையும் அந்த மேட்டில் கூட்டி நிறுத்தினான். உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூங்கில் அசைந்தது. ஒரு நெற்றி வெளியே வந்தது. பின்னால் இன்னும் இரண்டு. கால்களுக்கு நடுவே ஏதோ சின்னதாக நகர்ந்தது. செல்போன்கள் உயர்ந்தன. தீபக்கின் தோளில் இருந்த கனிஷ்கா, "எங்கப்பா? எங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"ஹேஏஏய்... ஹோஓஓ!"

மூங்கில் மூடிக்கொண்டது. சதுப்பில் தண்ணீர் மட்டும் கலங்கி ஆடியது. பாலுசாமி, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "போயிருச்சு, போயிருச்சு. யாரும் பயந்துக்காதீங்க."

செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்புறம்தான் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெங்களூர்க்காரர், "என்ன சார் நீங்க!" என்றார். சாஜித் அதைவிட மரியாதையாக, "அண்ணே, இங்க முடுக்கக் கூடாதுண்ணே" என்றான்.

"வேணுமுன்னு செய்யலீங்க. அதுவா வந்துபோட்டுது."

"நான் பாக்கவே இல்ல அப்புச்சி" என்றாள் கனிஷ்கா. அழவில்லை. சேதி சொல்வது போலச் சொன்னாள்.

அன்று அவர் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மறுநாள் மதியம் கிளம்ப வேண்டும். காலையில் ஒருமுறை மந்தை தண்ணீருக்கு வரலாம் என்று சாஜித் சொல்லியிருந்தான். லோகப்பிரியா அப்பாவின் போனை வாங்கி, மணிச் சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் வைத்துக் கொடுத்தாள். "நீங்க கீழயே இருந்துக்கங்க, சரிங்களா?"

"அப்புச்சி வந்தாத்தான் நான் போவேன்" என்றாள் கனிஷ்கா.

"அந்த வாயி ஒரு நாளாவது மூடுமா?" என்றார் ராசாத்தாள்.

பாலுசாமி யோசித்தார். "வாரேன் கண்ணு. அப்புச்சி துண்டக் கடிச்சுக்கறேன்."

காலையில் பனி விலகும்போது எல்லோரும் மேட்டில் இருந்தோம். நேற்றைய அனுபவத்தில் பெங்களூர்க் குடும்பம் அவரிடமிருந்து நன்றாகத் தள்ளி நின்றது. பாலுசாமி கல் பெஞ்சில் உட்கார்ந்து, போனைப் பக்கத்தில் வைத்து, பேத்தியைத் தன் முன்னால் பெஞ்சிலேயே நிற்க வைத்திருந்தார். துண்டின் ஒரு முனையைச் சுருட்டிப் பற்களுக்கு நடுவே கொடுத்திருந்தார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்திருந்தேன். நன்றாகவே கடித்திருந்தார், தாடை புடைத்துத் தெரிந்தது.

மூங்கிலை விலக்கிக்கொண்டு பெரிய பெண் யானை முதலில் வந்தது. நின்று காற்றை முகர்ந்தது. பிறகு மற்ற இரண்டும். கடைசியாகக் குட்டி, சேற்றில் கால் வழுக்கி உட்கார்ந்து எழுந்தது. கனிஷ்கா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலுசாமியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. துண்டுக்குள் ஏதோ முனகல் கேட்டு அடங்கியது. தாய் தண்ணீரை உறிஞ்சிக் குட்டியின் முதுகில் ஊற்றியது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, மறைக்கிற கிளைக்குக் கீழாக அதன் முகத்தைப் பார்த்தார்.

அப்போது கல் பெஞ்சில் போன் டர்ரென்று அதிர்ந்தது. நிசப்தத்தில் அது ஒரு வண்டு தகரத்தில் மாட்டியது போலக் கேட்டது. சாஜித் சட்டென்று திரும்பினான். கீழே பெரிய யானையின் தும்பிக்கை பாதி வழியில் நின்றது, காதுகள் விரிந்தன. பாலுசாமி போனை அள்ளி எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் திரை தெரிந்தது. கதிர்வேல்.

ராசாத்தாளும் பார்த்துவிட்டார். "ஏனுங்க..." என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

பேச வேண்டுமானால் இந்த மரத்தடியில்தான் பேச வேண்டும். பாலுசாமிக்கு மெதுவாகப் பேச வராது. பட்டனை அழுத்தினார், நின்றது. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது, கனிஷ்கா அதைப் பார்க்கக் குதிகாலை உயர்த்தினாள். விழாமலிருக்க, பின்னால் கையை நீட்டித் தாத்தாவின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அவர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெரித்தார். உள்ளே அது துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, குனிந்து பார்க்காமல், கண்ணைச் சதுப்பிலேயே வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் பின்மூடியை நெம்பித் திறந்தார். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

துண்டு பல்லிலேயே இருந்தது.